அம்மா காய்ச்சிய ஊதாச் சாயம்

கொதிக்கிற உப்புத் தண்ணீரில் சாயத்தூளைக் கொட்டும்போது ஒரு வாடை எழும். துருப்பிடித்த இரும்பின் வாடையும் பழம்புளியின் வாடையும் சேர்ந்தது போல இருக்கும், ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சோறு சாப்பிடும்போதும் போகாது. எனக்குத் தவக்காலம் என்றால் இன்றைக்கும் அந்த வாடைதான்.

நாங்கள் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்கு வந்து குடியேறியவர்கள். அப்பாவுக்கு ஒரு பங்களாவில் தோட்டக்கார வேலை கிடைத்தது. அம்மாவுக்குச் சரிவில் இருந்த சின்னக் கத்தோலிக்கக் கோயில் கிடைத்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார், ஆனால் கடைசி வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் இறங்கி வந்துவிடுவார். முன்னால் இருப்பவர்கள் படித்தவர்கள், உத்தியோகக்காரர்கள் என்று அவருக்கு ஒரு கூச்சம். ஆனாலும் பீடத்துக்குப் பூ வைத்துத் துணி மாற்றும் பெண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

ஆண்டவர் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரண்டு வாரமும் எங்கள் கோயிலில் சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவைப்பார்கள். ஒரு வருடம் அலுமாரியைத் திறந்து பார்த்தால் துணிகளையெல்லாம் எலி கடித்துக் கந்தலாக்கி வைத்திருக்கிறது. பீட வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து ரெஜினா டீச்சர். அவர் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, அம்மா கடைசி வாங்கிலிருந்து எழுந்து, "நான் சாயம் போட்டுக் குடுக்கிறேங்க டீச்சர்" என்றுவிட்டார். அம்மா கோயிலில் குரல் எழுப்பிப் பேசியதை நான் கேட்டது அன்றுதான்.

அந்த நிறத்துக்கு எங்கள் வீட்டுப் பேர் "கத்தரிப்பூ கலர்". டீச்சர் "ஊதா" என்பார். பாதர் இங்கிலீசில் "பேர்ப்பள்" என்பார். கண்டிக் கடையில் அந்தப் பேர்களில் எதைச் சொல்லியும் சாயம் கிடைக்கவில்லை; கடைக்காரர் ஒரு சிவப்புப் பக்கெற்றையும் ஒரு நீலப் பக்கெற்றையும் கொடுத்து, கலந்தால் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் அம்மா வெள்ளைத் துணியை வாளியில் அமுக்கிக் காய்ச்சினார். கொல்லையில் பறித்த கத்தரிப்பூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். அடுப்புப் புகையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"பாரு பாப்பா, எது பூ எது துணின்னே தெரியல!" என்று சிரித்தார்.

விடிந்து கொடியில் பார்த்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. நீலம் துணியில் பிடிக்கவேயில்லை. காய்ந்த இரத்தம் மாதிரி ஒரு கரும் சிவப்பு. வேறு துணி வாங்க நேரமில்லை. அதையே மடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

டீச்சர் விரித்துப் பார்த்தார். "உதென்ன நிறம் மேரி? இது தவக்காலமல்லோ, கலியாண வீட்டுக்கோ பந்தல் கட்டப் போறாய்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை, வாய் கொஞ்சம் துடுக்கு, அவ்வளவுதான். அம்மா மட்டும், "பூவைப் பக்கத்துல வச்சுத்தாங்க கலக்குனேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் பாதர் வந்தார். வயதானவர், சிங்களவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "டீச்சர், இது சரி. முந்தி காலம் பேர்ப்பள் சொன்னது இந்தக் கலர்தான். கடல்ல ஒரு சங்குப் பூச்சி, அதிலதான் சாயம் எடுத்தது. அந்தப் பூச்சிட பேருதான் கலருக்கும் வந்தது. ராஜாக்கள் மட்டும் போடுற. ஆண்டவருக்குச் சிப்பாய்மார் ராஜா சொல்லிச் சிரிச்சு, பகிடிக்குப் போட்ட அங்கியும் இந்தக் கலர்தான்."

அவரே ஏணியில் ஏறிச் சிலுவையை மூடினார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி இறங்கினேன். அம்மா துள்ளவில்லை. "பாதர் நல்ல மனுசன். நம்ம மானத்த காப்பாத்த ஒரு கதை கட்டிச் சொல்லிட்டாரு" என்றார்.

"நெசமா இருந்தாம்மா?"

"பூச்சியிலயா புள்ள சாயம் வரும்? வா, நேரமாச்சு."

அந்த இரண்டு வாரமும் அம்மா கோயிலில் தலை நிமிர்த்தவில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் துணியை வாங்கி வந்து, நீலம் மட்டும் போட்டு மறுபடி காய்ச்சினார். அது கறுத்து, அடுப்படித் துணியாகத் தேய்ந்து போனது. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து தைத்த துணி வந்தது. அம்மா பிறகு எதற்கும் எழுந்து நிற்கவில்லை. கடைசி வாங்கிலேயே முதுமையும் வந்தது, அங்கிருந்தே சேமக்காலை மண்ணுக்கும் போய்விட்டார்.

போன தவக்காலத்தில் என் மகள், அவள் உயர்தர வகுப்புப் படிக்கிறாள், போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. சும்மா ஒரு எண்ணத்தில், "பேர்ப்பள்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு அதுல இருக்குமா?" என்று கேட்டேன். அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். கிரேக்கர்கள் கடல் நத்தை ஒன்றுக்கு வைத்த பேராம், அதுவே உரோமர் வாயில் மாறி இங்கிலீசுக்கு வந்ததாம். அரசர்களின் நிறமாம். அந்தக் காலத்தில் மிகச் சிறந்தது என்று மதித்தது உறைந்த இரத்தம் போன்ற நிறத்தைத்தானாம்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.

சொன்னாள். "ஏம்மா அழுறீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பாதர் இப்போது உயிரோடு இல்லை, டீச்சரும் தன் மகனோடு கனடாவுக்குப் போய் அங்கேயே கண் மூடினார். கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போது சிலுவையை மூடுவது கடையில் வாங்கிய பளபளப்பான துணி, கத்தரிப்பூவை விட ஊதா. அதன் முன்னால் முழங்காலில் இருக்கும்போது அம்மாவிடம் ஓடிப்போய், "பாதர் கதை கட்டலம்மா, உங்க துணி சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எனக்குத் தெரிய வந்தது பிந்திப்போனது. ஆனால் அந்த அங்கியைத் தன் தோளில் போட்டிருந்த ஆண்டவரிடம்தானே அம்மா போயிருக்கிறார். அவர் சொல்லியிருப்பார்.