வெள்ளை ஜீப், பச்சை ஜீப், நடுவில் நான்

வாகனத் தரகு என்பது, விற்க மனமில்லாத ஒருவரையும் வாங்கப் பயப்படுகிற ஒருவரையும் ஒரே மரத்தடியில் நிறுத்தி, இருவரும் சேர்ந்து நம்மைத் திட்டுவதற்குள் கைகுலுக்க வைத்துவிடுகிற தொழில். மாத்தளையில் இருபது வருஷம் அதைத்தான் செய்தேன். வாகனம் வாங்கப் போய் நொந்துபோன வாசகர்களே, உங்கள் நோவில் ஒரு பங்கு என்னைப் போன்றவர்கள் கொடுத்தது. அதனால்தான் என் அவமானங்களைக் கொஞ்சம் உங்களிடம் ஒப்படைக்கிறேன். சமாதானப் பேச்சு முறிந்து, யுத்தம் திரும்பி, எடுத்துவிட்ட செக்பொயின்ட்டுகள் எல்லாம் மறுபடி முளைத்திருந்த காலம் அது.

கிளாக்கரின் செக்ரோல்

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் ஆரோக்கியசாமி ஐயா. அவருடைய மனைவி பிலோமினா அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து, பாதி குணமாகியிருந்தது. மாதம் ஒருமுறை கண்டியில் கிளினிக். மழை பெய்தால் அவர்கள் வீட்டு மேட்டில் திரீவீலர் ஏறாது. பஸ் பிடிக்க மூன்று மைல் இறங்க வேண்டும். இரண்டு கிளினிக் ஏற்கெனவே தவறிவிட்டது. இனி மருந்து விட்டுப்போனால் மறுபடி விழுந்துவிடுவார், அப்புறம் எழும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஐயா தன் சேமிப்பைத் திரட்டிக்கொண்டு ஒரு சின்ன ஜீப் தேடினார்.

நான் இரண்டைக் கண்டுபிடித்தேன். பல்லேபொலவில் பழைய பச்சை ஒன்று, தம்புள்ளையில் புதுசு மாதிரி வெள்ளை ஒன்று. ஐயா ஒரு கொப்பியில் கோடு போட்டு, எஞ்சின், டயர், பிரேக் என்று எழுதி, தோட்டத்துப் பேர்ப்பதிவு மாதிரி இரண்டு ஜீப்புக்கும் செக்ரோல் போட்டார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒழுங்காகச் செய்தவருக்கு முழுப்பேர், குறைத்தவருக்கு அரைப்பேர். அதே முறை. நான் வெள்ளைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் முழுப்பேர் கேட்டு வாதாடினேன். ஐயா பேனாவை மூடிவைத்தார்.

"தம்பி, கொழுந்து நிறுக்கிற எடத்துல ரொம்பப் பேசுறவங்க கூடை எப்பவுமே எடை கொறைவாத்தான் இருக்கும்."

மொழிபெயர்ப்பு

முதலில் பல்லேபொல. பச்சை ஜீப்பின் சொந்தக்காரர் ஹேரத் முதலாளி, மிளகு வியாபாரி. பின் சீட்டில் இரண்டு மூடை மிளகு. ஏறி உட்கார்ந்ததும் நான் ஒன்பது தும்மல் தும்மினேன். முதலாளி விற்கத் தெரியாத மனிதர். கிளச் கனம், மழைக்கு இடது கதவு ஒழுகும், இரண்டாம் கியர் குளிரில் பிடிவாதம் பிடிக்கும் என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாக ஒப்புவித்தார். இப்படியொரு ஆளை வைத்துக்கொண்டு எந்தத் தரகன் பிழைப்பது?

மொழிபெயர்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தம்புள்ளை வெள்ளையில் எனக்குத் தரகு கூட என்பதால், முதலாளி சொன்ன குறைகளோடு என் கையிருப்பிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்தேன். அவர் ஒரு கதவு ஒழுகும் என்றால் நான் நான்கு கதவையும் ஒழுகவிட்டேன். அந்த ஜீப்புக்கு இருந்ததே மூன்று கதவு. ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, என்னுடைய சிங்களத்தைவிட நூறு மடங்கு சுத்தமான சிங்களத்தில் கால்மணி நேரம் பேசினார். முப்பத்தாறு வருஷம் தோட்டத்துக் கந்தோரில் கணக்கு எழுதியவருக்குச் சிங்களம் தெரியாது என்று எனக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐயா மெதுவாகச் சொன்னார்.

"அவரு சொன்னது எனக்கு வெளங்கிச்சு தம்பி. நீங்க சொன்னதுதான் கொஞ்சம் வெளங்கல."

சாவி

தம்புள்ளைக்கு பிலோமினா அம்மாவும் வந்தார். உட்காரப்போகிறவள் நான், நான் பார்க்காமல் எப்படி என்றார், நியாயம்தானே. வெள்ளை ஜீப் மரக்கறிச் சந்தைக்குப் பின்னால், கோவா ஏற்றிய லொறிகளுக்கு நடுவில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஏசி, கறுப்புக் கண்ணாடி, கீறல் இல்லாத உடம்பு. அதன் சொந்தக்காரரான லொறி முதலாளி சாவியை நேரே என் கையில் வைத்து, ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இருபது வருஷத்தில் எத்தனையோ வாகனங்களின் பொனட்டைத் தட்டியிருக்கிறேன், டயரை உதைத்திருக்கிறேன், ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வழக்கம்போல முழங்கால் வலி என்று நொண்டிக் காட்டினேன். உண்மையாகவே கால் இழுத்து நடக்கிற அம்மா என் நொண்டலை மேலும் கீழும் பார்த்தார். நொண்டுவது இந்தக் காலா, அந்தக் காலா என்று கேட்டார். நான் காலை மாற்றிவிட்டிருந்தேன். உண்மையை ஒப்புக்கொண்டேன். லொறி முதலாளி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, சாவியை வாங்கி ஐயாவிடம் கொடுத்தார்.

"போகட்டும் விடுங்க. நம்ம கோயில் ஃபாதர் கல்யாணம் கட்டியா நமக்குக் கல்யாணம் செஞ்சு வச்சாரு?"

மேட்டில் ஏறிய வெள்ளை

லொறி முதலாளி வெள்ளையை மூன்று நாளுக்குக் கொடுத்தார், வீட்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள் என்று. ஐயா ஓட்டினார், நான் பக்கத்தில். ஈரப் பாதையில் அது முனகாமல் ஏறியது. ஐயா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முழுப்பேர் எழுதத் தயாராக இருந்தார். நான் கறுப்புக் கண்ணாடியைத் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு குருவிக்கும் தெரியாது ஐயா என்று பெருமை பேசினேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத் தாண்டும்போதுதான் கவனித்தேன். வாசலில் ஒரு ஆள் இல்லை. பீலியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குடம் நிரம்பி வழிந்தது, குடத்துக்காரியைக் காணோம். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்த நாட்களில் வெள்ளை நிறத்தில், கறுப்புக் கண்ணாடியோடு ஒரு வாகனம் வந்தால், வந்த வீட்டில் ஒரு பிள்ளை குறையும் என்று ஊர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கண்ணாடியைத்தான் தட்டித் தட்டி விற்றுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஐயா ஜீப்பை நிறுத்தி இறங்கி, தன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். வெகுநேரம் கழித்துத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து இரண்டு பொடியன்கள் எழும்பினார்கள். அவர்களின் தாய் கதவைப் பாதி திறந்து, ஐயாவைக் கண்டதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்குறதுன்னா வாங்குங்கய்யா. வரும்போது மட்டும் கண்ணாடிய எறக்கிட்டு, மொகத்தைக் காட்டிக்கிட்டு வாங்க."

இந்தப் பெயர்க்காரர் எங்கே?

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம், நிறத்தையும் மாற்றலாம் என்றேன். மறுநாள் கிளினிக். வெள்ளையிலேயே போய்ப் பாருங்கள், அம்மாவுக்குச் சுகம் தெரியும் என்றேன். போனோம். மாத்தளைக்கும் கண்டிக்கும் நடுவில் ஒரு செக்பொயின்ட்டில் கை காட்டி நிறுத்தினார்கள். வாகனப் புத்தகத்தைக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஓப்பன் பேப்பர் என்று ஒரு வழக்கம் உண்டு. விற்பவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். திகதியும் வாங்குபவர் பெயரும் வெறுமையாக இருக்கும். அது அப்படியே நாலைந்து கை மாறும், புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே கிடக்கும். வரிக்கு வரி மிச்சம், வேலைக்கு வேலை மிச்சம் என்று நானே பலருக்கு உபதேசித்திருக்கிறேன்.

வெள்ளையின் புத்தகத்தில் இருந்தது வடக்கே வவுனியா விலாசமுள்ள ஒரு தமிழ்ப் பெயர். அவர் யார், இப்போது எங்கே என்று கேட்டார்கள். ஐயாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கறுப்புக் கண்ணாடி, முகம் தெரியாத சொந்தக்காரர், உள்ளே மூன்று தமிழர்கள். காலை ஏழரைக்கு நிறுத்தியவர்கள் எங்களை விட்டபோது பிற்பகல் மூன்று. அம்மா முழு நேரமும் வெயிலில், ஜீப்புக்குள்ளே, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.   கடைசியில் பெரிய அதிகாரி தம்புள்ளைக்கு ஃபோனில் பேசி லொறி முதலாளியை விசாரித்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் புரோக்கர் என்று தெரிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் இந்த மாதிரி ஒரு சின்ன ஜீப் பாருங்க. ஆனா ஓப்பன் பேப்பர் மட்டும் வேணாம்."

அம்மா கேட்ட ஒரே கேள்வி

அன்று கிளினிக் மூடிவிட்டது. அம்மாவின் மருந்துக் குளிசை இன்னும் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. டாக்டரின் பழைய மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு மாத்தளையில் ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கினேன்; ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில், அங்கேயும் பாதிதான். அந்த மாதத்தை அப்படித்தான் ஒப்பேற்றினோம். ஒவ்வொரு காலையிலும் இரத்தோட்டை பஸ்காரனிடம், மேலே கிளாக்கர் வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன். இருபது வருஷத்தில் விற்காத ஒரு வாகனத்துக்காக நான் தூக்கம் கெட்டது அந்த மாதம்தான்.

பிறகு அம்மா சொல்லி மறுபடி பல்லேபொலவுக்குப் போனோம். அம்மா எஞ்சினைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் யார் பெயர் என்று மட்டும் கேட்டார். ஹேரத் முதலாளி, வாங்கிய நாளிலிருந்து என் பெயர்தான் என்று உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். ஐயா கொப்பியைத் திறக்கவே இல்லை. உடனே மாற்றி எழுதவேண்டும், அதுவும் தன் பெயரில் வேண்டாம், அம்மா பெயரில் என்றார். அலைந்து திரிந்து அந்த வேலையை நான் முடித்தேன். தரகு கேட்க வாய் வரவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் பச்சை ஜீப், இடது கதவு ஒழுக ஒழுக, சரியான நேரத்துக்குக் கண்டி போய்ச் சேர்ந்தது. அதே செக்பொயின்ட்டில் இரண்டு நிமிஷம். திரும்பும் வழியில் மாத்தளையில் நிறுத்தி, அம்மா புத்தகத்தை என்னிடம் நீட்டினார். 

"நாப்பது வயசு வரைக்கும் எந்த நாட்டுக்காரின்னே எழுத்துல இல்லாம இருந்தேன் தம்பி. பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குப் பொறகு கவர்மெண்ட் எம் பேரை எழுதியிருக்கிறது இதுலதான். பிழையில்லாம எழுதியிருக்கானான்னு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க."

பொனட்டைத் திறக்கும் முன் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. அதற்கான செலவை மட்டும் பிலோமினா அம்மா ஒரு முழு நாள் வெயிலில் உட்கார்ந்து கட்டினார்.