என் இடது கை எழுந்ததைப் பார்த்த பெண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன் நான். இன்றைக்கு நாலு லேத் பட்டறை என் பெயரில் ஓடுகிறது. இரும்பில் தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட கைகளில் இடது கை, ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செத்து விழுந்தது. பக்கவாதம் என்றார்கள். ஆனால் நான் எழுத வந்தது என் பெருமையை அல்ல. அந்தக் கை எழுந்ததைப் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி.

அவள் பிசியோதெரபி படிக்கும் கல்லூரி மாணவி. கடைசி வருஷப் பயிற்சிக்காக, நான் போய்வந்த சிகிச்சை நிலையத்துக்கு வந்திருந்தாள். அப்பா பஸ் டிரைவர். அவர் ஓட்டும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொள்வாள். கை எப்போதும் சில்லென்று இருக்கும். அதனால் நோயாளிகள் எல்லோருக்கும் அவள் ஐஸ் பாப்பா.

"என்ன பாப்பா, கையை ஃப்ரிட்ஜிலயா வச்சுட்டு வர்ற?"

"உங்க இடது கைக்குத்தான் ஒண்ணும் தெரியாதே சார், அப்புறம் என்ன கம்ப்ளெய்ன்ட்டு?"

வாய் ஜாஸ்தி. வேலையும் சுத்தம். அன்றன்றைக்குக் கண்ணால் பார்த்ததை ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் எழுதி வைப்பாள். ஒருநாள் என் தாளில், இடது கை நெஞ்சு உயரத்துக்கு எழுந்தது என்று எழுதிவிட்டாள்.

தலைமை தெரபிஸ்ட் அம்மா தாளோடு என்னிடம் வந்தார்.

"கையைத் தூக்கினீங்களா சார்?"

"நானா? பொய் சொல்லியே பழக்கமில்ல மேடம். அது அசையவே இல்ல" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அம்மா அவள் பக்கம் திரும்பினார். "பாக்காததை எழுதறவ நோயாளியைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை என் கண் முன்னாடி காட்டு. இல்லன்னா பயிற்சி கேன்சல்னு காலேஜுக்கு எழுதிடுவேன்."

அவளுக்கு ஒரு வருஷப் படிப்பு போய்விடும். அம்மா நகர்ந்ததும் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நான் பாத்தேன் சார். அப்ப நீங்க கண்ணை மூடியிருந்தீங்க."



வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, நானும் பாத்திருக்கேன். மத்தியானம் நாற்காலியில நீங்க சொக்கும்போது அது மெதுவா எழும்பும். உங்க மூஞ்சிகிட்ட வந்து நிக்கும். பயந்துட்டுதான் சொல்லல."

நாற்பது வருஷம் பிடித்த கையை 'அது' என்றாள். ஒரு மாதமாக அவள் என் வலது பக்கமே உட்கார்ந்துவந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணாடி பதித்த சுவருக்கு எதிரே, தலையணைமேல் கையை வைத்து உட்கார்ந்தேன். "தூக்குங்க" என்றார் அம்மா. பல்லைக் கடித்தேன், வேர்த்து ஊற்றியது. பட்டறை மூலையில் கிடக்கும் எண்ணெய்த் துணி மாதிரி அது கிடந்தது. அம்மா பேனாவைத் திறந்தார்.

"ஒரே நிமிஷம் மேடம். மூணு தடவை பாத்தேன். மூணு தடவையும் ஒரே மாதிரிதான்" என்றாள் ஐஸ் பாப்பா. என் எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டாள்.

"என்ன பழக்கம் இது?" என்று அதட்டினார் அம்மா.

ஆனால் கொட்டாவி எனக்குத் தொற்றிக்கொண்டது. தாடையிலிருந்து கிளம்பியது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. மூலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவரின் சக்கரச் சத்தம் சட்டென்று நின்றது. என் கன்னத்தை ஏதோ தொட்டது.

கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு நேரே ஒரு கை, விரல்கள் விரிந்து நின்றது. கட்டைவிரலில் லேத் கிழித்த பழைய தழும்பு இருந்தது. என் கைதான். நான் வாயை மூட மூட, இடம் தெரிந்தது போல அது இறங்கித் தலையணையில் படுத்துக்கொண்டது.

"சிலருக்குக் கொட்டாவி விடும்போது மட்டும் இப்படி வரும்னு படிச்சிருக்கேன். இப்பதான் பாக்கறேன்" என்றார் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"அப்ப குணமாகுதா மேடம்?"

"இல்ல சார். இது உங்க பேச்சைக் கேக்கல."

அவள் எழுதிய வரிக்குக் கீழே 'நானும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பயிற்சி பிழைத்தது.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டவனில்லை நான். அவளிடம் கேட்டேன். "நீங்க பொய் சொல்லல சார், உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

இப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். என் ஒரு சத்தத்துக்கு முப்பது ஆட்கள் ஓடி வருகிறார்கள். இந்த ஒரு கை வருவதில்லை. கொட்டாவி வரும்போதெல்லாம் வலது விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். சரியாக அந்த நொடியில் இமை நழுவி மூடிக்கொள்கிறது, அது எழும் நேரத்தை இன்னும் என் கண்ணால் பிடிக்க முடியவில்லை.

போன வாரம் அவளுக்குப் போன் போட்டேன். "பாப்பா, இப்பல்லாம் கைதான் முதல்ல எழும்புதாம், கொட்டாவி அப்புறம்தான் வருதாம்."

"யார் பாத்தது சார்?"

"என் வீட்டுக்காரி."

"அப்ப அவங்களையே எழுதி வைக்கச் சொல்லுங்க. நேரத்தோட."

என் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மனைவி இப்போது எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்பதில்லை.