முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரியில் நாவல் எழுதிய எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி இருந்தது. எதையும் ஒரே புத்தகத்தில் முடிக்க மாட்டோம். நானும் மூன்று பாகம் என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் முதல் பாகம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கதையைப் பாதியில் விடுவது, விருந்துக்குக் கூப்பிட்டு இலையைப் போட்டுவிட்டு, சோறு நாளைக்கு என்று சொல்வது மாதிரி என்று அச்சுக்கூடக்காரரிடம் வாதாடினேன்.

அவர் மறுக்கவில்லை. பக்கங்களை எண்ணினார். அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒரே தாளில் சேர்த்து அடிப்பது. என் கடைசி அத்தியாயம் மட்டும் ஐந்து பக்கம் மிஞ்சியது. அதற்காக இன்னொரு பாரம் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"முசியே, இத ரெண்டாம் பாகத்துல மொத அத்தியாயமா வச்சிக்கலாம். சனங்க தவிச்சிப் போயி வாங்குவாங்க."

இலக்கியத்தைப் பற்றி நான் நாள் கணக்கில் வாதாடினேன். தீர்த்து வைத்தது தாள்தான். எனக்கு ஒரே எரிச்சல்.

கதை இதுதான். சைகோனுக்கு வேலைக்குப் போன கணவனிடமிருந்து கடிதம் நின்றுபோகிறது. கப்பல் வரும்போதெல்லாம் மனைவி கடற்பாலத்துக்குப் போய் நிற்கிறாள். கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு படகுகள் கரைக்கு வருவதோடு அச்சான புத்தகம் முடிந்தது. விடுபட்ட அத்தியாயத்தில் கடைசிப் படகும் வருகிறது, அவன் இல்லை. செத்துவிட்டான் என்று அவள் ஒப்புக்கொண்டு, மாதா கோயிலில் அவன் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கிறாள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். சைகோனிலிருந்த மகனிடமிருந்து வருஷக்கணக்கில் தகவல் இல்லை. அவர்களைப் பார்த்து நான் எழுதவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம். மேரி என்று நாங்கள் சொல்லும் நகரசபை அலுவலகத்தில் பிறப்பு இறப்பு பதிகிற குமாஸ்தா நான். அங்கேயும் அவனைப் பற்றி எந்தக் காகிதமும் வரவில்லை.

மாமியாருக்கு ஒரே பயம். மகன் செத்திருந்தால், பூசை இல்லாமல் அவன் ஆத்துமம் மோட்சத்துக்குப் போக முடியாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்குமே. மருமகளுக்கு வேறு பயம். பூசை வைத்தால், தானே அவனைச் சாகடித்த மாதிரி ஆகிவிடும். அந்த வீட்டில் தினமும் இந்தச் சண்டைதான். தெருவுக்கே கேட்கும்.

மருமகள் என் புத்தகத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத மாமியாருக்குச் சாயங்காலங்களில் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் கிழவி ஒரு தீர்ப்புச் சொன்னாளாம்: புத்தகத்துப் பெண் என்ன செய்கிறாளோ அதையே நாமும் செய்வோம், அதுவரை பூசைக்குச் சொல்லச் சாமியாரிடம் போக வேண்டாம். வீட்டில் சண்டை ஓய்ந்தது.

சில நாள் கழித்து மருமகள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவ என்னாதான் செய்யறா?"

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அரைகுறைப் புத்தகம் வாசகரை என்ன பாடு படுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? விடுபட்ட அத்தியாயத்தின் கைப்பிரதியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இத அச்சுல போடாதீங்க அண்ணே."

"கதை முடிய வேணாமாம்மா?"

"முடிஞ்சா எங்க அத்தை நாளைக்கே பூசைக்குக் குடுத்துடுவாங்க. அவ பாலத்துலயே நிக்கட்டும்."

தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

புத்தகம் விற்றுத் தீர்ந்தது. மறுபடி அடிக்கலாம், இந்தத் தடவை அந்த அத்தியாயத்தையும் சேர்த்து முழுசாகப் போடலாம் என்று அச்சுக்கூடக்காரர் தாமாகவே வந்தார். வேண்டாம் என்றேன். இவனுக்கு என்ன ஆயிற்று என்பது போல அவர் என்னைப் பார்த்தார்.

தொடர் நாவலில் முதல் புத்தகம் தனியாக நிற்க வேண்டுமா என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். காரணங்களும் வைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ரெண்டாம் பாகம் எப்பதான் வரும்? நான் கண்ண மூடறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

மருமகள் அவளுக்குக் குடை பிடித்தபடி பின்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றேன்.