மீண்டும் எரிகோ

சங்கரன்கோவிலில் ராக் பேண்டா என்று சிரிப்பவர்களுக்கு 'எரிகோ' குழுவைத் தெரியாது. கேசட் காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கிறிஸ்தவக் கன்வென்ஷன் பந்தலில் அவர்கள் மேடையேறினாலும் பின்வரிசைப் பையன்கள் நாற்காலிமேல் ஏறிவிடுவார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஜோஷுவா பாடுவார், நேசமணி கீபோர்டு, வெள்ளத்துரை டிரம்ஸ். இவர்களுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவர் சத்தியநாதன். பழைய போட்டோக்களில் அவருடைய கிட்டாரின் நுனி மட்டும் ஓரமாக வந்திருக்கும்.

அவருக்கு வேலை திருவேங்கடத்தில், கூட்டுறவுச் சங்கத்தில். மழை பொய்த்த ஓர் ஐப்பசியில், டவுன் பஸ் ஜன்னல் வழியே வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டுக் கட்டினார். 'வாய்பிளந்த மண்ணுக்கு வார்த்தை தெரியாது ஆண்டவரே' என்று தொடங்கும். பாடிக்காட்டியபோது ஜோஷுவா, "நல்லாத்தான் இருக்குலே. அடுத்த கேசட்ல வச்சுக்கிடுவோம்" என்றார். அடுத்த கேசட்டின்போதும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்தது வருவதற்குள், அட்டையில் யார் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற சண்டையில் குழு உடைந்துபோனது. கேட்க ஆளில்லாமல் பாட்டு சத்தியநாதனிடமே தங்கிவிட்டது. மனைவி ரெனிக்கு மட்டும் மனப்பாடம்.

கனடாவுக்குப் போய்விட்ட ஜோஷுவா இந்த வருடம் லீவில் வந்தார். வந்த வேகத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்கினார், ஆல்பத்துக்கு 'மீண்டும் எரிகோ' என்று பெயர் வைத்தார், நால்வருக்கும் கருப்புக் கண்ணாடி மாட்டி சிவகிரி மலையடிவாரத்தில் போட்டோ எடுத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ்கூட வைத்தாகிவிட்டது. பாட்டு ஒன்றுதான் பாக்கி. சத்தியநாதன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜோஷுவா, "ஒன் மழைப் பாட்டுதாம்லே கடைசிப் பாட்டு. கண்டிப்பா" என்று சொல்லிவிட்டார். சத்தியநாதன் அதை நம்பினார். நம்பி, விரல் நுனி காய்த்துப்போகும்வரை பழகினார்.

பதிவு முகம்மது ஹுசைனின் ஸ்டுடியோவில். நகைக்கடை விளம்பரமும் தேர்தல் பிரசாரமும் பதிகிற இடம் அது. பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார். அதிகம் பேசாத, மரியாதை தெரிந்த மனிதர்.

எந்தக் காரியத்தையும் ஜெபத்தோடு தொடங்குவதுதான் சபை வழக்கம். அங்கேதான் வந்தது வினை. பழைய கசப்பு எல்லோருக்குள்ளும் அப்படியே கிடந்தது. முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாய் வரவில்லை. கண்ணை மூடியதும் தாராளமாக வந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே, கனடாவிலிருந்து வந்திருக்கிற உம்முடைய பிள்ளை, தன் தொண்டை முன்னைப்போல இல்லை என்பதை உணரக் கிருபை செய்யும்" என்று நேசமணி உருகினார்.

அவர் ஆமென் சொல்லி முடிக்கவில்லை, ஜோஷுவா பிடித்துக்கொண்டார். "கையால் வாசிக்காமல் பட்டனைத் தட்டி ஜனங்களை ஏமாற்றுகிற ஆவியை இந்த இடத்தைவிட்டு அப்புறப்படுத்தும், அப்பா."

வெள்ளத்துரை இப்போது கைதட்டி ஜெபிக்கிற சபைக்கு மாறியிருந்தார். அவர் தொடங்கினால் கேசட் அட்டையில் தன் முகம் தபால்தலை அளவுக்கு வந்த துக்கம்வரை எல்லாம் கண்ணீரோடு வெளியே வரும். ஜெபிக்கிறவரை இடையில் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? ஒரு பல்லவி பதிந்தால் சரணத்துக்கு முன் ஜெபம். பாடியது பிசகினால் ஒருவரையொருவர் மன்னிக்க ஜெபம். அந்த மன்னிப்பிலேயே புதுச் சண்டை.

சத்தியநாதனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றே தோள்பட்டை இற்றுப்போனது. சங்கத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, வளர்ந்த ஆட்கள் ஆண்டவரை நடுவில் வைத்து அடித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று மனதுக்குள் கருவினார். வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. கத்தினால் ஜெபத்தைக் கெடுத்தவர் என்ற பேர்தான் மிஞ்சும்.

ஜோஷுவா கனடாவுக்குக் கிளம்புகிற நாளும் வந்தது. கார் கீழே நின்றது.

"டைம் இல்ல மக்கா," என்றார் ஜோஷுவா. "ஒன் பாட்ட அடுத்த ஆல்பத்துல வச்சுக்கிடுவோம். ஒரு முடிவு ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புவோம்."

சத்தியநாதன் மைக்குக்கு நேரே போய் நின்றார். "நான் பண்ணுதேன்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். "அன்பின் பிதாவே" என்று தொடங்கியவர் மூச்சுவிடாமல் பாட்டுக்குள் இறங்கிவிட்டார். ஜோஷுவா இருமிப் பார்த்தார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாம் சரணத்தில் வெள்ளத்துரையின் குச்சி மெல்லத் தாளம் பிடித்தது. நேசமணியின் விரல்கள் தாமாகவே கட்டைகளைத் தேடிப் போயின. கடைசிப் பல்லவியில் ஜோஷுவாவின் குரலும் கீழிருந்து வந்து சேர்ந்தது. அத்தனை நாளில் நால்வரும் இடையில் நிறுத்தாமல் ஒன்றாக வாசித்தது அந்த ஒரு பாட்டைத்தான். ஆமென் சொன்ன பிறகு யாரும் சண்டை போடவில்லை. ஜோஷுவா சத்தியநாதனைக் கட்டிப்பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். மற்ற இருவரும் அவரை வழியனுப்பக் கூடவே காரில் ஏறிக்கொண்டார்கள்.

சத்தியநாதன் மட்டும் நின்றார். "ஹுசைன், அதக் கொஞ்சம் போடுங்க, கேப்போம்."

"எத அண்ணாச்சி?"

"இப்ப பாடினத."

ஹுசைன் திகைத்துப்போனார். "ஜெபம்னுதான கண்ண மூடினீங்க? ஜெபம் பண்ணுத நேரம் மைக்க ஓடவிடுதது மரியாத இல்லன்னு ஆஃப் பண்ணிட்டு நான் வெளிய போய் நின்னுட்டேனே. இத்தன நாளும் அப்படித்தான் செய்தேன்."

என்ன குற்றம் சொல்லி அவரைத் திட்டுவது? சத்தியநாதன் அவசரமாக ஜோஷுவாவுக்குப் போன் போட்டார். கார் ஊரைத் தாண்டியிருந்தது; திரும்பினால் விமானம் போய்விடும். "தனியா பாடுங்க, எடுத்துருவோம்" என்று ஹுசைன் கெஞ்சினார். பாடிப் பார்த்தார். இரண்டாவது வரியிலேயே, தாளமும் கீபோர்டும் இல்லாமல் அது வேறு ஏதோ பாட்டாகக் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஆல்பம் வெளியானது. தேறியவை மூன்றே பாட்டுகள். அவற்றையே பாட்டில்லாமல் வெறும் இசையாக ஒருமுறை, இசையில்லாமல் வெறும் பாட்டாக ஒருமுறை போட்டு மீதியை நிரப்பியிருந்தார் ஜோஷுவா. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள்.

ரெனி காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடுங்க. அன்னைக்கு நீங்க பாடினத ஆண்டவர் கேட்டிருப்பாருல்லா."

"ஆண்டவர் இருவத்தஞ்சு வருசமா கேட்டுக்கிட்டுதான் இருக்காரு," என்றார் சத்தியநாதன். "அவருக்குப் பாடுததுக்கு ஸ்டுடியோ எதுக்கு ரெனி? நான் மனுசங்க கேக்கணும்னுல்லா பாடினேன்."