தேடினால் வராத பெயர்

வடக்கே எங்கள் கிட்வாய் நகர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா, சாக்கடையோரத் தமிழ்க் குடியிருப்பில் இருந்தவர். இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியதும், மாற்று வீடு கேட்டு மனுப்போட நாங்கள் சிலர் உதவினோம். வீடு வீடாகப் போய் ரேஷன் கார்டைப் போட்டோ எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு தரவுத்தள மென்பொருளில் ஏற்றினோம். அதைப் பார்த்துக்கொண்டது நான். கம்ப்யூட்டர் படித்தவன் என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

மனுக் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின வாரம் சர்வரைப் புதுப்பித்தேன். யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

கடைசி நாள் மத்தியானம், தன் மனுவை வாங்கிப்போக அக்கா வந்தார். பெயரைத் தட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றது.

“நீங்கதான தம்பி போட்டோ புடிச்சீங்க? நல்லா பாருங்க. கார்டு மழைத் தண்ணில ஊறிப்போச்சு, எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா,” என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினார்கள். அவர் விலகிப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து, வேறு எதற்கோ முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்தபோது அவர் பெயர் இருந்தது. கார்டின் போட்டோவும் இருந்தது, ஓரத்தில் என் கட்டைவிரலோடு. தேடினால் மட்டும் வரவில்லை. அவர் மனுவோடு அலுவலகத்துக்கு ஓடினேன், தேதி முடிந்தது பையா என்று இந்தியில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆத்திரமெல்லாம் மென்பொருள்மேல் திரும்பியது. அதை எழுதுகிறவர்கள் பிழைகளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பொது மின்மடல் குழுவில் காரசாரமாகப் புகார் எழுதினேன். எந்த ஊரிலிருந்தோ ஒருவர் அன்றைக்கே பதில் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இது பிழையல்ல, சர்வரைப் புதுப்பிக்கும்போது பெயர்களை வரிசைப்படுத்தும் விதி மாறலாம், அப்போது தேடல் அட்டவணையைத் திரும்பக் கட்டாவிட்டால் இருக்கிற பெயரும் அகப்படாது, மென்பொருள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறோமே என்று பொறுமையாக விளக்கியிருந்தார். அந்தக் கையேட்டை நான் படித்ததே இல்லை. அவர் கொடுத்த ஒற்றை வரிக் கட்டளையைப் போட்டேன். அக்காவின் பெயர் உடனே வந்தது.

அடுத்த மாதம் புல்டோசர் வந்தது. வீடு ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலில் அக்கா இல்லை. ஊருக்கே போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தவர், வாசலில் நின்று என் மனைவியிடம் பேசினார்.

“நாந்தான் சரியா குடுக்கல போல. கம்ப்யூட்டர்லயே இல்லன்னா தம்பி என்ன பண்ணும்?”

நான் உள்ளேதான் இருந்தேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அந்த மடல்காரர் மறுபடி எழுதியிருந்தார். தரவு ஏதாவது தொலைந்ததா, இல்லையென்றால் புகாரை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தார்.

எதுவும் தொலையவில்லை, மூடிவிடுங்கள் என்று பதில் எழுதினேன்.