எடுக்கச் சொல்லி நீட்டிய காலாள்

பண்டத்தரிப்பில் நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு உரும்பிராயிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை மாற்றலாகி வந்தார். அவருக்குச் சதுரங்கம் தெரியும் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். பள்ளி விட்டதும், பஸ் வரும்வரை ஆசிரியர் அறையில் விளையாடுவோம்.

வெள்ளை கிடைத்தால் அவருக்கு ஒரே தொடக்கம்தான். ராஜாவின் முன்னாலுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளுவார். நானும் அப்படியே செய்வேன். உடனே அதன் பக்கத்துக் காலாளையும் கொண்டுவந்து, வெட்டு என்பதுபோல் என் காலாளின் மூலைக் கட்டத்தில் நிறுத்துவார். காலாளைக் காவு கொடுக்கும் இந்தத் தொடக்கத்துக்குக் கிங்ஸ் கம்பிற் என்று பெயர். நான் வெட்டுவேன். அந்த ஒரு காலாள் லாபத்தைக் காப்பாற்ற என் ராஜாவின் காவலையெல்லாம் முன்னே அனுப்பிவிட்டுத் தோற்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் ரீச்சர் சும்மா ஒரு காலாளைத் தாறியள்?"

"சும்மா ஆர் தந்தது? உங்கடை காலாளை நடுவிலையிருந்து அங்காலை கூட்டிக்கொண்டு போறன்."

சனிக்கிழமை வீட்டில் பலகையைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கம் இருந்தேன்.

"ஆரோடை விளையாடுறீர்?" என்றார் கணவர்.

"ரீச்சரோடை."

"அவ எங்கை?"

"இப்ப நான்தானப்பா அவ."

அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நடு வெறுமையாய்க் கிடந்தது. இன்னொரு காலாளை அங்கே நிறுத்தலாம். கொடுத்த காலாள் போன வரிசை தேருக்குத் திறந்த வழி. அதன் கோடியில், ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத ஒரு கட்டம். ஆனால் வெள்ளை ராஜாவின் பக்கமும் திறந்துதான் இருந்தது. அதைத் தொடுவதற்கு எனக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. வெட்டியதைக் கட்டிக் காப்பதிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வெட்டினேன். அவருடைய குதிரை வந்ததும், ராணியின் முன்னாலிருந்த காலாளை நடுவுக்குத் தள்ளினேன். வெட்டினால் வெட்டட்டும். அவர் வெட்டினார். என் பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறந்தது. அவர் பலகையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உந்த நகர்வை ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான். உங்கடை பக்கத்திலை இருந்து பாத்தன்."

கடைசியில், ராணிகள் போனபிறகு, ஒரு தேரை அவசரப்பட்டு நகர்த்தித் தோற்றேன். ஆனால் அன்று ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் எனக்கு வெள்ளை. நானும் அதே காலாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை. பிஷப்பை எடுத்து, என் ராஜா கோட்டை கட்ட முடியாதபடி குறுக்கே பார்க்க வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எடுக்க மாட்டியளோ ரீச்சர்?"

"எனக்கு வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ."

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.