ரவுட்டர் பாளையங்கோட்டையில், சாவி காயல்பட்டினத்தில்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மையத்தில் நெட் போய்விட்டது.

போனால் வரும், இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் டீ சொன்னேன். வாரம் ஒரு முறை இந்தப் பக்கத்தில் ஊர் நியாயம் பேசுகிற எனக்கு, மற்ற நாட்களில் பிழைப்பு பாளையங்கோட்டையில் பன்னிரண்டு கம்ப்யூட்டரோடு ஒரு தேர்வு மையம். வெளிநாட்டுக்குப் போகும் நர்ஸுகள் எழுதும் ஒரு ஆன்லைன் பரீட்சை இங்கே நடக்கும். அன்றைக்கு எழுத வேண்டியவள் ஒரே ஒரு பெண்தான். உவரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த மெர்சி.

பரீட்சை பதினொரு மணிக்கு. பதினொன்றரைக்குள் உள்ளே போகாவிட்டால் அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. ஆனால் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக வைத்திருக்கும் வேலை இந்த மாதக் கடைசி வரைதான் இருக்கும். அவளே இதைச் சொன்னாள், சாதாரணமாக, பஸ் டைம் சொல்வது போல.

கஸ்டமர் கேரைப் பிடித்தேன். "நேத்து எங்க பக்கம் சிஸ்டம் மாத்திருக்கோம் சார். உங்க ரவுட்டர் செட்டிங்ஸ்ல போய் புது யூசர்நேம் போட்டா போதும். ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷ வேலைதான் — ரவுட்டருக்குள் நுழைய முடிந்தால்.

நுழைய ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்தவன் என் நண்பன் சாகுல், காயல்பட்டினத்துக்காரன். இருவரும் சேர்ந்து தொடங்கிய மையம் இது. லைன் எடுத்தது, ரவுட்டர் மாட்டியது, செட்டிங்ஸ் போட்டது எல்லாம் அவன். எட்டு வருஷத்துக்கு முன் துபாய் போய்விட்டான். அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஓடுகிற வரை நாம் எதைத்தான் கேட்கிறோம்?

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. வேலைக்குள் நுழையும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் அவனுக்கு. நம்மூர் நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எடுப்பான்.

என்னோடு வேலை பார்க்கும் ஜெயந்தி தட்டிப் பார்த்தாள். மையத்தின் பெயர், சாகுலின் பெயர், ஒன்று முதல் எட்டு வரை... ஐந்தாவது தப்பில் ரவுட்டர் கதவைச் சாத்திக்கொண்டது.

"ரீசெட் பண்ணிருவோமா அண்ணாச்சி? பொறவு அடியில லேபிள்ல இருக்க பாஸ்வேர்டே வேலை செய்யும்லா?"

திருப்பினேன். லேபிள் இருந்தது. எழுத்து இல்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தது யார்? அடியேன்தான். மேலே வைத்தால் காற்றுத் துளை அடைத்துக்கொள்ளும் என்று யோசித்து, கவனமாக அடியில் வைத்தவன் நான். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது.

"செல்போன் நெட்டுல எழுத முடியாதா சார்?" என்றாள் மெர்சி.

முடியாது. மையத்தின் பெயரில் பதிவான லைனிலிருந்து வந்தால்தான் பரீட்சைத் தளம் உள்ளே விடும். அடுத்த மையம் மதுரையில். மணி பத்து.

மறுபடி கஸ்டமர் கேர். இந்தத் தடவை வேறு பெண். "நாங்களே இங்கேருந்து உங்க ரவுட்டர் பாஸ்வேர்டை மாத்தலாம் சார். பதிவு பண்ண நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க. பத்து நிமிஷம் செல்லும். மூணு தடவைதான் அனுப்ப முடியும். அப்புறம் ஒரு நாள் லாக் ஆயிடும்."

பதிவு பண்ண நம்பர் எது? சாகுலின் பழைய இந்திய நம்பர். அனுப்பச் சொல்லிவிட்டு, நம்பிக்கையே இல்லாமல் அதைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார்.

"அவுஹ ஊர்ல இல்ல. நீங்க யாரு?"

சாகுலின் மனைவி. நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. "தங்கச்சி, நான் சாகுலோட ஃப்ரெண்டு, பாளையங்கோட்டையில இருந்து பேசுதேன். இப்ப இந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

போன் வைக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தபோது முதல் ஓடிபி செத்துவிட்டது. ஜெயந்தி தன் போனில் கஸ்டமர் கேரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டாவதை அனுப்பச் சொன்னாள். நான் மூச்சு விடாமல் பேசினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை, பத்தே நிமிஷம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது, தயவுசெய்து...

அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். "எங்க தெருவுல வயசான ஒரு லாத்தாட்ட போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் பேசுனான். ஆஸ்பத்திரில ஒரு பிள்ள கெடக்குன்னு சொன்னான். நீங்க பரீட்சைன்னு சொல்லுதிய."

ஜெயந்தி போனை வாங்கி, "அக்கா, சத்தியமா..." என்று ஆரம்பித்தாள்.

"இப்பம் பொம்பளைய விட்டுப் பேசுதியளாக்கும். அவுஹ மூணு மணிக்குப் போன் எடுப்பாஹ. கேட்டுட்டுச் சொல்லுதேன்."

இரண்டாவதும் போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல்? அவர் மேல் கோபப்பட முடியவில்லையே. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திருடனும் சொல்வான். அவசரம் என்பான், பாவம் என்பான், நண்பன் என்பான். நிஜமாகவே அவசரத்தில் இருப்பவனுக்கும் அவசரம் போல நடிப்பவனுக்கும் பேச வசனம் ஒன்றுதான். அந்தம்மா செய்தது நூற்றுக்கு நூறு சரி. சரியான அந்தக் காரியம்தான் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் விடியப் போகிறது.

மெர்சி அழவில்லை. ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். "நடக்கலன்னா அப்பாக்கு இப்பம் போன் பண்ண வேண்டாம் சார். கடல்ல நிப்பாங்க. கரைக்கு வந்த பொறவு நானே சொல்லிக்கிடுதேன்."

மணி பத்தே முக்கால். மூன்றாவது ஓடிபியை அனுப்பச் சொன்னேன். கடைசி. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை.

"தங்கச்சி, நீங்க சொல்லாம இருந்தது சரிதான். என்னை நம்ப என்ன கேக்கணுமோ கேளுங்க. பதில் சொல்லுதேன்."

"உங்க பேரு என்ன?"

"சங்கரன்."

அந்தப் பேரைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார். "எங்க கல்யாணத்துக்கு வந்தியளா?"

இதற்கு நண்பன் சொல்ல வேண்டிய பதில் என்ன? வந்தேன் என்பதுதானே? 'வந்தேன்' என்று வாய் வரை வந்துவிட்டது. காயல்பட்டினத்துக் கல்யாணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மேற்கொண்டு கேட்டாலும் சமாளித்துவிடலாம். எதிரே மெர்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிபிக்கு இன்னும் ஆறு நிமிஷம்.

"வரலை" என்றேன்.

"ஏன்?"

"காய்ச்சல்னு சாகுல்ட்ட சொன்னேன்..."

"அவுஹட்ட சொன்னதைக் கேக்கல. ஏன் வரல?"

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, முகம் தெரியாத மூன்றாவது பெண்ணிடம் சொன்னேன். "சாப்பாட்டுக்குப் பயந்துதான் தங்கச்சி. உங்க ஊர்க் கல்யாணத்துல ஒரே தட்டுல சேர்ந்து உக்காந்து சாப்பிடணும்னு கேள்விப்பட்டிருந்தேன். நாங்க முட்டைகூடத் தொடாத குடும்பம். வந்த இடத்துல வேண்டாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வரல."

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

"உங்களுக்குன்னு புதுச் சட்டி வாங்கி, எங்க மாமி தனியா சாம்பார் வச்சிருந்தாஹ. தனி இலைதான் உங்களுக்கு. சங்கரன் வருவான், சங்கரன் வருவான்னு அவுஹ மூணு மணி வரைக்கும் சாப்பிடாம வாசல்லயே நின்னாஹ." பிறகு ஓடிபியை வாசித்தார். "எழுதிக்கிடுங்க. நாலு, ஏழு, ரெண்டு..."

பேனா என் கையில்தான் இருந்தது. எழுத வரவில்லை. ஜெயந்தி பிடுங்கி எழுதினாள்.

பதினொன்று பத்துக்கு ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. பதினொன்று பதினாலுக்கு மெர்சி உள்ளே போனாள். இரண்டரை மணிக்கு வெளியே வந்து, "பரவாயில்ல சார், நல்லாத்தான் எழுதிருக்கேன்" என்றாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. நானும் அவள் அப்பாவும்தான் ஆளுக்கொரு பக்கம் தவித்துக்கொண்டிருக்கிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிபி கேட்டு யார் போன் பண்ணினாலும் சொல்லாதீர்கள். நான் பண்ணினாலும்.

மூன்று மணிக்கு, மனைவியிடம் நெட் போன கதையைக் கேட்டுவிட்டுச் சாகுல் கூப்பிட்டான். "என்னலே, நெட்டு வந்துட்டா?"

"வந்துட்டு."

"புது பாஸ்வேர்டையாவது எங்கயாவது எழுதி வை."

"சரி." போனை வைத்துவிடுவான் என்று தோன்றியது. "சாகுலு... அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னது பொய்லே."

"அன்னைக்கே தெரியும்லே."

"அப்பம் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லிருப்ப" என்றான்.